இருபத்து நான்காவது வரி

ஹைதராபாத் பேகம்பேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி எனக்கு அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டில் சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று இருந்தது. நான் செய்த வேலை, மற்ற சாஃப்ட்வேர் இன்ஜினியர்களின் திரையில் எழுத்து ஒழுங்காகத் தெரியும்படி பார்த்துக்கொள்வது. இதற்கென்று யாரும் என்னைத் தேர்வு செய்யவில்லை. சேர்ந்த புதிதில், பக்கத்து சீட்டுக்காரனின் திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற வரிகளைப் பிரித்துக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றோடு அந்த வேலை என் தலையில் கட்டப்பட்டது.

எங்கள் பிழைப்பு முழுவதும் டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலுக்குள் நடந்தது. நிஜமான வேலையைச் செய்யும் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் சென்னைக் கிளையில் ஓர் அறையில் குளிரக் குளிர உட்கார்ந்திருக்கும். ஹைதராபாத்தில் எங்கள் மேஜைகளில் இருந்தவை அதை எட்டிப் பார்ப்பதற்கான ஜன்னல்கள் மட்டும்தான். அந்த ஜன்னலில் இருபத்து நான்கு வரிகள் தெரியும். எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்தது. அதற்குப் பிறகு உலகத்தில் என்னென்னவோ வந்துவிட்டது. எங்கள் ஜன்னலுக்கு இருபத்தைந்தாவது வரி மட்டும் வரவில்லை.

இருக்கிற இருபத்து நான்குக்கும் வராத வியாதி இல்லை. ஃபாண்டை மாற்றினால் மெனுவைச் சுற்றி இருக்கவேண்டிய கட்டம் மறைந்துபோய், அந்த இடத்தில் க்யூவும் எக்ஸும் வேலி போட்ட மாதிரி வரிசையாக நிற்கும். வரி இடைவெளியைக் கூட்டினால் நேர்கோடுகள் துண்டு துண்டாகும். குறைத்தால் ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் உட்காரும். அடிக்கோடு வெட்டுப்பட்டுக் காணாமல் போகும். அந்த இடம் காலி என்று நம்பி ஃபைல் பெயரைத் தப்பாக அடித்தவர்கள் பாதி நாள் தங்கள் படிப்பையே சந்தேகப்படுவார்கள். எல்லோரும் பி.டெக்., எம்.சி.ஏ. முடித்தவர்கள். வேறொரு கண்டத்து இன்சூரன்ஸ் கம்பெனியின் புரோகிராமுக்குள் கை விட்டுக் குடைகிறவர்கள். சொந்தத் திரையில் ஃபாண்ட் மாற்றுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் சரி செய்து, சேவ் செய்துகொள்ளச் சொல்லிவிட்டு வருவேன். அவர்கள் சேவ் செய்யாமல் மூடிவிட்டு மறுநாள் காலையில் மறுபடி கூப்பிடுவார்கள்.

வருடாந்தர மதிப்பீட்டின்போது என் மேனேஜர், இந்த வருடம் நான் சாதித்தது என்ன என்று கேட்டார். தளத்தில் இருக்கும் அத்தனை பேரின் திரையையும் சரி செய்திருக்கிறேன் என்றேன். அதற்கு அவர் வைத்திருந்த படிவத்தில் இடம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறருக்கு உதவும் மனப்பான்மை என்று இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அந்தக் கட்டம் அவர் திரையில் கட்டமாகத் தெரிந்ததே என்னால்தான். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

அந்த வேலைக்கு நான் வந்தது, கம்ப்யூட்டர் வகுப்புகளுக்குப் பேர்போன அமீர்பேட் வழியாக. ஒய்2கே-யில், அதாவது இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி, உலகம் நின்றுவிடும் என்று பயந்து ஆள் எடுத்த கம்பெனிகள், அது நிற்காமல் போனதும் அந்த ஆட்களை என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்த நேரம். அந்தச் செய்தி அமீர்பேட்டுக்கு மட்டும் எட்டவில்லை. ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்தார்கள். கீழே டிபன் கடை, உச்சியில் லேடீஸ் ஹாஸ்டல். ஹாஸ்டலிலிருந்து படியிறங்கினால் நாலைந்து மொழிகளைக் காதில் வாங்கிக்கொண்டே இட்லிக்கு வந்து சேரலாம். திருநெல்வேலியிலிருந்து வந்த நான் அங்கே தங்கிப் படித்து, பல இன்டர்வியூக்களில் அசடு வழிந்து, கடைசியில் பேகம்பேட்டில் இடம் பிடித்தேன்.

கிண்டலாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வேலை எனக்கு உயிர். செவன் சீட்டர் ஆட்டோவில் யார் யார் மடியிலோ பாதி உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் போவேன். இறங்கும்போது சேலை மடிப்பு இருந்த இடத்தில் இருக்காது, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். அதைக் கதவில் காட்டினால் கதவு திறக்கும். எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு எந்தக் கதவும் திறந்ததில்லை. அந்த வேலையை நான் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்வேன், இன்னொருவர் அதை விட்டுவிடச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

சொல்வதற்கு ஆள் வந்தது. ஊரில் தரகர் கொண்டுவந்த ஒரு ஜாதகம் பொருந்திப்போனது. மாப்பிள்ளைக்கு எங்கள் கம்பெனியிலேயே, சென்னைக் கிளையில் வேலை. "ஒரே கம்பெனின்னா பொறவு என்ன, தெரிஞ்ச பையன்தானே" என்றார் அப்பா. ஒரே ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் உறவுக்காரர்கள் என்பது மாதிரி. லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கேசரியைச் சுவைத்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் எதுக்கு? நம்ம வீட்டுல என்ன கொறச்சல்?" என்று பொதுவாக மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். மின்விசிறி பதில் சொல்லவில்லை. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாகரிகம் தெரிந்த குடும்பம் என்பதைக் காட்டும் விதமாக எங்களைத் தனியாகப் பேசச் சொன்னார்கள். தனியாக என்றால் கதவு திறந்திருக்கும் பக்கத்து அறையில், வாசலில் என் சித்தி பூக்கட்டிக்கொண்டிருக்க. அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த சர்வர்ல லாகின் பண்றீங்க?" நான் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது. "அதே சர்வர்தான் நானும். அப்ப டாக்லயே பேசிக்கலாமே" என்றார். மென்மையான குரல், சிரித்தால் நன்றாக இருந்த முகம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் பிள்ளைகள் பேசி ஒரு முடிவு சொல்லட்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஹைதராபாத் திரும்பினேன்.

'டாக்' என்பது ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் இரண்டு பேர் டெர்மினலில் எழுத்தாலேயே பேசிக்கொள்வதற்கான புரோகிராம். வேலை விஷயமாகப் பேச என்று கம்பெனி வைத்திருந்தது. அதில் வேலை விஷயம் பேசியவர் யாரையும் எனக்குத் தெரியாது. திரை இரண்டாகப் பிரியும். நடுவில் ஒரு கோடு. மேல் பாதியில் நாம் எழுதுவது, கீழ் பாதியில் அவர் எழுதுவது. அவருடைய திரையில் அவர் மேலே, நாம் கீழே. நம் பாதி நிரம்பிக் கடைசி வரியும் முடிந்தால் மறுபடி முதல் வரிக்குப் போய்ப் பழையதை அழித்துக்கொண்டு எழுதும். இதில் இன்னொன்றும் உண்டு. அடிக்க அடிக்க ஒவ்வோர் எழுத்தாக எதிராளிக்குத் தெரியும். அழித்தால் அழிப்பதும் தெரியும். ஒருவர் சொல்ல வந்து விழுங்கிய வார்த்தையைக்கூடப் பார்த்துவிடலாம்.

ஹாஸ்டல் போன் வார்டனின் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் போன் அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகையால் தினமும் மாலை டீ வேளையில் டாக்கில்தான் பேச்சு. ஆங்கில எழுத்தில் தமிழ். மதியம் என்ன சாப்பிட்டீர்கள், அங்கே மழையா, தலைவலி தேவலையா, டீம் லீட் இன்றைக்கு யாரைத் திட்டினார் என்று தினமும் அதே வரிசையில் விசாரிப்பேன். எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் வரும். டீம் லீட் பற்றி மட்டும் இரண்டு மூன்று வரி வரும். இப்படி என் பாதி நிரம்பும் சமயத்தில், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று அடிப்பேன். அடுத்தது கடைசி வரி. அதில் கேட்பேன்: "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைய விடணுமா?"

பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும். இரட்டைப் புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்த அந்தக் காலத்துச் சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, டீ குடிக்கப் போறேன்" என்று வரும்.

மறுநாள் மறுபடி கேட்பேன். சிரிப்பு, டீ. ஒருமுறை கேள்வியை மாற்றி, "உங்களுக்கு நான் வேலைக்குப் போறதுல இஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன். சிரிப்பு, டீ. வாழ்க்கையின் இவ்வளவு பெரிய கேள்விக்கு இப்படி ஒரு நிம்மதியான சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

என் பக்கத்து சீட்டில் ஒரு தோழி இருந்தாள். செகந்தராபாத் தமிழச்சி. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவள் பேசுவது தமிழ்தான் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் நடுவில் தெலுங்கும் ஹைதராபாத் உருதுவும் வந்து போகும்; 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். என் திரையை எட்டிப் பார்ப்பதைத் தன் உரிமையாகவே வைத்திருந்தாள்.

"சிரிச்சுட்டானா? அதான்டி பதில். கைக்கு தினம் தினம் கேட்டுட்டு இருக்க?"

"யோசிக்கிறாரோ என்னவோ" என்றேன்.

"ஹவ், யோசிப்பான். யோசிக்கறவன் எதையாச்சும் அடிச்சு அழிப்பான்ல? இவன் ஒரு எழுத்து கூட அழிக்கலையே."

அது உண்மைதான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் திரையில் எந்தத் தடுமாற்றமும் இருந்ததில்லை. ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாக நழுவமுடியுமா என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் ஆச்சரியம். தை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். வார்டன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்; எனக்காக அல்ல, தான் கேட்பதற்காக.

"அவுகளுக்கு ஒன்ன ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒண்ணு கேக்கணும் ஒண்ணு கேக்கணும்னு சொல்லுவியாம், பொறவு ஒண்ணுமே கேக்காம இருந்துருவியாம். பையன் அவுக அம்மாட்ட சொல்லிச் சிரிச்சானாம். அந்த அம்மா எல்லார்ட்டயும் சொல்லுதாவ, இந்தக் காலத்துல இப்பிடி அடக்கமான புள்ள கெடைக்குமான்னு."

என் குடும்பத்தில் அதுவரை யாரும் என்மேல் அடக்கம் என்ற குற்றத்தைச் சுமத்தியதில்லை. அப்பா அதை இரண்டாவது தடவையும் சொன்னார். அவருக்கே நம்பமுடியவில்லை போல.

"நான் கேட்டேன்பா. தெனமும் கேட்டேன்."

"என்னத்த கேட்ட?"

"வேலைய விடணுமான்னு."

அப்பா, "அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்லா. இப்பவே எதுக்கு அத எடுக்க?" என்றார். நான் சரியென்று வைத்துவிட்டேன். ஆனால் என் மனம் அப்பாவின் பதிலில் இல்லை. 'ஒண்ணு கேக்கணும்' மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டது தெரியவில்லை. ஒரு வரி வந்திருக்கிறது, அதற்கு அடுத்த வரி வரவில்லை. இது மனுஷன் வியாதி இல்லை, திரை வியாதி. தளம் முழுவதும் நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அதே வியாதி.

திங்கட்கிழமை டாக்கில் குசலம் எதுவும் விசாரிக்கவில்லை. முதல் வரியிலேயே, "உங்க டெர்மினல் ஜன்னலோட அடி ஓரம் தெரியுதா?" என்று கேட்டேன். வருங்கால மனைவியிடமிருந்து அவர் எதிர்பார்த்த கேள்வி அதுவாக இருந்திருக்காது. "இல்ல, கீழ ஸ்டார்ட் பட்டன் இருக்கிற பட்டைக்குப் பின்னாடி போகுது" என்றார்.

"லைன் ஸ்பேசிங் கூட்டி வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. வரி நெருக்கமா இருந்தா எனக்குத் தலை வலிக்கும். ஏன்?"

எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. வரிகளுக்கு நடுவில் இடம் விட்டால் ஜன்னல் உயரமாகும். உயரமான ஜன்னல் சின்னத் திரையில் அடங்காது. அடிவரி பட்டைக்குப் பின்னால் போய்விடும். டாக்கில் அவருடைய திரையின் அடிவரி என்பது என் பாதியின் கடைசி வரி. குசலம் விசாரித்து விசாரித்து, சரியாக அந்த ஒரு வரிக்கு வந்துதான் நான் தினமும் கேட்டிருக்கிறேன். அவர் நழுவவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. நான் ஏதோ கேட்கவந்து வெட்கப்பட்டு நிற்கிறேன் என்று நினைத்துப் பாவம் சிரித்திருக்கிறார்.

வைத்தியர் என்ற முறையில் இன்னும் கொஞ்சம் விசாரித்தேன். ஃபைல்களைத் திருத்தும் எடிட்டர் தன்னுடைய எரர் செய்திகளை எல்லாம் அந்த அடிவரியில்தான் காட்டும். அது தெரியாமல் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எரரா? எனக்கு ஒண்ணும் வர்றதில்லையே" என்றார். கட்டளை அடிக்கும்போது என்ன செய்வீர்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் 'கிளியர்' அடித்துத் திரையைத் துடைத்துவிட்டு, மேலே முதல் வரிக்கு வந்துதான் அடிப்பாராம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தார். நிதானமான பையன், எதற்கும் பதறமாட்டான் என்று அவருடைய டீமில் அவருக்கு நல்ல பெயர் என்று கல்யாணத் தரகர் சொல்லியிருந்தார். எரர் கண்ணில் படாதவன் எதற்குப் பதறப்போகிறான்.

அதையெல்லாம் நினைத்துச் சிரிக்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். தோழியின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னேன். அவள் என் திரையைப் படித்துவிட்டு, "ஃபாண்ட் டாக்டருக்கு மாப்ளயே பேஷன்ட்டு. நல்லாதான் இருக்கு" என்றாள். பிறகு, "நக்கோ டி, இப்பவே ரொம்பக் குதிக்காத" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வரி இடைவெளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். "ஐயோ, எல்லாம் ஒட்டிக்கிச்சு" என்றார். பொறுங்கள் என்றேன். பிறகு ஃபாண்டை மாற்றச் சொன்னேன். வைத்தியத்தின் சூட்சுமம் அதில்தான் இருந்தது. சில ஃபாண்டுகளின் எழுத்துகள் தங்கள் தலைக்கு மேலேயே கொஞ்சம் காலி இடம் வைத்துக்கொண்டு பிறக்கும். அதைப் போட்டால் வரி இடைவெளி இல்லாமலேயே காற்றோட்டமாகத் தெரியும், ஜன்னலும் உயராது. ஒரு அளவு சின்னதாக வைக்கச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தார், திட்டினேன், சின்னதாக்கினார். திட்டு வாங்கிய மாப்பிள்ளையாக முதல் தடவை அவர் எனக்கு ரொம்ப நெருக்கமானவராகத் தெரிந்தார்.

"இப்ப கீழ ஓரம் தெரியுதா?"

"தெரியுது. அட, கீழ இன்னொரு வரி இருக்கு."

பரிசோதித்துப் பார்த்தேன். என்டரைத் தட்டிக் கடைசி வரிக்குப் போய், "இது தெரியுதா, படிச்சுக் காட்டுங்க" என்று அடித்தேன். அவர் அதையே ஓர் எழுத்து தப்பாமல் திருப்பி அடித்துவிட்டு, "நீங்க ஜீனியஸ்" என்றார். மதிப்பீட்டுப் படிவத்தில் எனக்குக் கிடைக்காதது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தது. இவரோடு ஒரு வீட்டில் இருக்கலாம், காலையில் இரண்டு பேரும் இரண்டு ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பலாம், சென்னைக்கு மாற்றல் கிடைக்கும்வரை ரயிலில் போய் வந்துகொள்ளலாம் என்று அந்தச் சில நொடிகளில் நான் குடித்தனமே நடத்திவிட்டேன்.

மறுபடி என்டர் தட்டி இறங்கினேன். கடைசி வரி. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைய விடணுமா?"

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. கீழ் பாதியில் 'நா' என்று வந்தது. அழிந்தது. 'அம்மா' என்று வந்தது. நின்றது. ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போய் அழிந்தது. 'உங்க' என்று வந்து அதுவும் அழிந்தது. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்க எங்கள் கட்டடத்துக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போய், வழக்கம்போல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது இறங்கி முடித்த பிறகும் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு முழு வரி, ஓர் எழுத்துகூட அழிபடாமல் வந்தது: "இந்த செட்டிங்க எப்படி சேவ் பண்றது? நாளைக்கும் இருக்குமா?"

சொல்லிக்கொடுத்தேன். கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை. சேவ் செய்துவிட்டதாகச் சொன்னார். "மத்தது நாளைக்கு சொல்றேன்" என்று வந்தது. 'மத்தது' என்று என் வேலையைத்தான் சொல்கிறார். பரவாயில்லை, நேற்றுவரை அவருக்குக் கேள்வியே தெரியாது, ஒரு நாள் எடுத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோழி அன்றைக்கு என் திரையை எட்டிப் பார்க்கவே இல்லை. அவள் பார்க்காமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் டீ வேளை வரும்வரை நான் எந்தத் திரையையும் சரி செய்யவில்லை. இரண்டு பேர் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன். டாக்கில் அவரே முதலில் வந்தார். சாப்பிட்டீங்களா என்றார். டீம் லீட் யாரைத் திட்டினார் என்று நான் கேட்காமலே சொன்னார், அன்றைக்கு இவரைத்தான். நானும் மழை, தலைவலி எல்லாம் விசாரித்தேன். 'நாளைக்கு சொல்றேன்' என்றவர் தானாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் பாதி நிரம்பியது. "ஒண்ணு கேக்கணும்" என்றேன். கடைசி வரியில் கேட்டேன்.

சிரிப்பு வந்தது. அதே இரட்டைப் புள்ளி, அதே அடைப்புக்குறி. முன்னால் எந்தத் தடுமாற்றமும் இல்லாத, சுத்தமான பழைய சிரிப்பு.

என் எழுத்து முதல் வரிக்குத் தாவியிருந்தது. "கடைசி வரி தெரியலையா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்று உடனே பதில் வந்தது. "பழைய செட்டிங்குக்கே மாத்திட்டேன். உங்க செட்டிங்ல கீழ எரர் எரரா வந்துட்டே இருக்கு. ஒரே தலைவலி. இதுல ஒரு வரி தானே போகுது, பரவால்ல."

மறுபடி படித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. அந்த வரியில் என்ன இருக்கிறது என்று நேற்று எழுத்து எழுத்தாகப் பார்த்தவர், இன்றைக்கு வந்து அது இல்லாமலேயே வசதியாக இருக்கிறது என்று ரொம்ப மரியாதையாகத் தெரிவிக்கிறார். எரர்களோடு சேர்த்து என்னையும் பட்டைக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார். கண்ணில் நீர் முட்டியது. அழுகை பாதி, அவமானம் பாதி. அதற்கு அடியில் கோபம் இருந்தது, அதுதான் கடைசியில் மேலே வந்தது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். மேலே, முதல் சில வரிகளுக்குள், யார் திரையிலும் எந்த ஃபாண்டிலும் எந்த இடைவெளியிலும் தெரியக்கூடிய இடத்தில், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று அடித்தேன்.

கீழ் பாதியில் உடனே எழுத்து வந்தது. "ஏன்?"

நான் என்டரைத் தட்டினேன். கர்சர் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். காரணத்தை அங்கே எழுதினேன், ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல்.